இன்ஸ்பெக்டர் டிபன் சாப்பிடாத நாள்

முதியோர் இல்லத்துக்குச் செத்தாலும் போவதில்லை என்று சண்முகசுந்தரம் உறுதி பூண்ட நேரத்தில், அவர் காரைக்கால் தருமபுரத்தில் தம் சொந்த வீட்டுக் குளியலறையில் மல்லாந்து கிடந்தார். இடுப்பில் துண்டு இருந்தது. பாதி இருந்தது. தலைக்கு நேர் மேலே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் நெற்றிப்பொட்டில் சரியாக வந்து விழுந்தது. அந்தத் துல்லியம் ஒன்றுதான் அவருக்கு அப்போது பிடித்திருந்தது.

அவர் எடை எண்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். கிராம் வரைக்கும் சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பத்திரண்டு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற உத்தியோகம். அவர் மனைவி வடிவாம்பாளுக்கு வயது அறுபத்தெட்டு, எடை நாற்பத்தாறு. நாற்பத்தாறு கிலோவால் எண்பத்திரண்டு கிலோவைத் தூக்க முடியாது என்பது தராசு பார்த்தவருக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் "தூக்கு, தூக்கு" என்றார். அவளும் தூக்கினாள். அவர் எழவில்லை. அவள் மணிக்கட்டில் களுக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

கடைசியில் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் செல்லக்கண்ணு ஓடி வந்து, மரியாதைக்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கினார்.

"விழுந்துட்டீங்களா அய்யா?"

"விழலைப்பா. உக்காந்தேன். தரை கொஞ்சம் கீழே இருந்துச்சு."

நாலு மாதத்தில் இது இரண்டாவது உட்காரல். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு தப்பித்தது, இன்னொரு தடவை இப்படி உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது என்றார். வடிவாம்பாளின் கையில் கட்டுப் போட்டு அனுப்பினார். அன்றைக்கு இரவு அவள் இடது கையால் ரசம் ஊற்றினாள். பாதி தட்டில் விழுந்தது, பாதி மேசையில். சண்முகசுந்தரத்துக்கு மனசு சங்கடப்பட்டது. குளியலறை டைல்ஸை மாற்றிவிடலாம் என்று ஆறுதல் சொன்னார்.

டைல்ஸ் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிச்சிக்குடிப் பக்கம் தென்றல் இல்லம் என்று ஒன்று இருக்கிறதாம். வயசான தம்பதிகளுக்குத் தனி அறையாம். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருமாம். பெங்களூரில் இருக்கிற மகள் எழில்மதியும் போனில் விசாரித்துவிட்டாளாம். எல்லாம் "ஆம்" போட்டுச் சொன்னாள், யாரோ சொல்லக் கேட்ட மாதிரி. அந்த 'ஆம்' என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அவர் அரை மணி நேரம் பேசினார். பிறந்த ஊர், கட்டின வீடு, மானம், மரியாதை, பட்டினச்சேரி மீன் என்று ஒன்று விடாமல் பேசினார். வடிவாம்பாள் கடைசிவரை கேட்டாள்.

"உங்களால என் ஒருத்தியை நம்பி இருக்க முடியாதுங்க இனிமே. எனக்குக் கையில தெம்பு இல்லை. அடுத்த தடவை நீங்க விழுந்து, நான் மட்டும் இருந்து, செல்லக்கண்ணு சவாரிக்குப் போயிருந்தா நான் என்ன செய்வேன்?"

 பதில் இல்லாதபோது நிபந்தனை போடுவது உத்தியோகத்தில் பழகிய வழி. சரி, நானே போய்ச் சோதனை செய்கிறேன் என்றார். மூன்று தடவை. முன்னறிவிப்பு கிடையாது, எந்த நாள் என்று உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு குறை கண்டுபிடித்தாலும் இந்தப் பேச்சு இந்த வீட்டில் செத்தது. மூன்று தடவையிலும் குறை இல்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்து.

"சரிங்க" என்றாள் வடிவாம்பாள். உடனே சொன்னாள். மாங்கனித் திருவிழா நடக்கிற ஊர் இது. மனைவியைக் கண்டு கணவன் மிரண்ட கதையை வருஷா வருஷம் மாம்பழம் வாரி இறைத்துக் கொண்டாடுகிற ஊரில் பிறந்தவர், பெண்டாட்டி உடனே 'சரிங்க' என்றால் கொஞ்சம் யோசித்திருக்கலாம். சண்முகசுந்தரமோ படுத்ததும் குறட்டை விட்டார். ஒரு குறைகூட இல்லாத இடம் உலகத்தில் உண்டா என்ன? அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடப் போகிறார். வெற்றி கையில் இருந்தது.

திடீர் சோதனையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வயிறு நிறைந்தால் கண் மந்தமாகும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே சோதனை நாளில் டிபன் சாப்பிட மாட்டார். ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான். முதல் நாள் சாயங்காலமே "நாளைக்கு எனக்கு டிபன் வேணாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார், மாவு வீணாகக் கூடாதே. போகிற இடத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விட மாட்டார். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பலன் இருந்தது. அவர் நுழைந்த கடையில் எல்லாம் தராசு நேராக நிற்கும், எடைக்கல் பளபளக்கும், கடைக்காரர் கை கட்டி நிற்பார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் போட்ட வழக்கு மொத்தம் இரண்டு. ஒருவர் வெளியூர்க்காரர். இன்னொருவர் அன்றைக்குக் காலையில்தான் மகள் வீட்டிலிருந்து ஊர் திரும்பியிருந்தார். தம்மைக் கண்டு காரைக்கால் கடைத்தெருவே நடுங்கியது என்று அவர் இன்றுவரை பெருமையாகச் சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், "நாளைக்கு எனக்கு டிபன் வேணாம்" என்றார்.

"வயிறு சரியில்லீங்களா?"

"பென்ஷன் ஆபீசுல கொஞ்சம் வேலை."

"சரிங்க."

மறுநாள் எட்டு மணிக்குச் செல்லக்கண்ணுவின் ஆட்டோ வயல்களைத் தாண்டித் தென்றல் இல்லத்து வாசலில் நின்றது. சண்முகசுந்தரத்தின் சட்டைப் பையில் டேப்பும் பாக்கெட் தராசும் இருந்தன. வாசலில் மூன்று படி. பக்கத்திலேயே சரிவுப் பாதையும் கைப்பிடிக் கம்பியும் போட்டிருந்தார்கள். அது முடியாதவர்களுக்கு. அவர் படியில் ஏறினார். முதல் படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். இரண்டாம் படியிலும் நின்றார்.

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்தார். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று இந்த இல்லத்தை நடத்துகிற சலோமி.

"ஏங்க அய்யா நின்னுட்டீங்க? கம்பியைப் பிடிச்சுக்கலாமே."

"படியோட உயரத்தைப் பாக்குறேன்."

"கண்ணாலயேவா?"

"அனுபவம்" என்றார் சண்முகசுந்தரம்.

நேரே சமையல்கட்டுக்குப் போனார். இட்லி ஐந்தை எடுத்துப் பாக்கெட் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். நாற்பத்தெட்டு கிராம், நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. ஐந்தும் நாற்பத்தெட்டு. ஒரே தட்டில் வெந்த இட்லிகூட இப்படி ஒத்துப் போகாது. அவருக்குச் சந்தேகம் வர வேண்டிய இடம் இது. ஆனால் வயிறு காலி, சாம்பார் மணத்தது, சந்தேகத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஐந்தையும் சாப்பிட்டார். பிறகு எடை போடாத இரண்டு. கடைசியில் குறை அகப்பட்டுவிட்டது என்று நிமிர்ந்தார்.

"சாம்பார்ல உப்பு பத்தலை."

"உங்களுக்கு பி.பி. இருக்குங்களே. அதான் உங்க கிண்ணத்துல மட்டும் குறைச்சிருக்கோம். பக்கத்துல இருக்கிறவர் கிண்ணத்தை ருசி பாருங்க."

பார்த்தார். உப்பு அளவாக இருந்தது. மேலும் இரண்டு கரண்டி பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு பி.பி.ன்னு யார் சொன்னது?"

"முகத்தைப் பாத்தாத் தெரியாதுங்களா? நாப்பது வருஷம் நர்ஸா இருந்திருக்கேன். காலை மாத்திரை போட்டீங்களா?"

டிபன் சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை. டிபன் வீட்டில் இல்லை, மாத்திரை வீட்டில் இருந்தது. இது சோதனைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

இரண்டாவது சோதனையை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். எதிரி அசந்திருக்கும்போது பாய வேண்டும் என்பது கணக்கு. முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போல டிபன் வேண்டாம் என்றார். வடிவாம்பாள் வழக்கம்போல சரிங்க என்றாள். பட்டினச்சேரியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் காசியம்மா அப்போது வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் ஏனோ தலையாட்டினாள்.

இந்த முறை பகல் பதினொரு மணி. மருந்து அலமாரியைத் திறந்து காலாவதித் தேதிகளைப் பார்த்தார். ஒன்றுகூடக் காலாவதியாகவில்லை. கட்டில் உயரத்தை அளந்தார். போர்வையை மோந்து பார்த்தார். குளியலறையில் அழைப்பு மணியின் கயிறு தரைவரைக்கும் தொங்கியது. கண்டுபிடித்துவிட்டார். இவ்வளவு நீளக் கயிறு எதற்கு, காலில் சிக்காதா என்று அதட்டினார்.

"விழுந்தவங்க கைக்கு எட்டணுமேங்க" என்றார் சலோமி. "நிக்கிறவங்களுக்கு மணி எதுக்கு?"

சண்முகசுந்தரம் கயிற்றைப் பார்த்தார். தம் வீட்டுக் குளியலறைக் கூரை ஒரு கணம் ஞாபகம் வந்தது. கயிற்றை விட்டுவிட்டுக் கம்பீரமாக வெளியேறினார்.

வெளியேறியது வாசல் வழியாக இல்லை. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பிவிட்டார். கதவைத் திறந்தால் கத்தரித் தோட்டம். தோட்டத்தைச் சுற்றினால் மறுபடி கத்தரித் தோட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. கால் மணி நேரம் கழித்து, இல்லத்தில் வேலை செய்யும் ரீட்டா என்ற பெண் துணி உலர்த்த வந்தவள் அவரைப் பார்த்து, வழி தெரியவில்லையா தாத்தா என்று கேட்டாள்.

"காய்கறி சாகுபடியைச் சோதிக்கிறேன்" என்றார். "பூச்சி இருக்கு. மூணாவது செடியில."

குறை கிடைத்துவிட்டதாக அவர் குதூகலித்தார். ரீட்டா போய் மூன்றாவது செடியைப் பார்த்தாள். அது கத்தரிச் செடி இல்லை, தோட்டத்து ஓரம் தானாக முளைத்த ஊமத்தை. சண்முகசுந்தரத்தின் பருப்பு அங்கேயும் வேகவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், இடது கால் செருப்பு அவருடையது, வலது கால் செருப்பு யாருடையதோ. வடிவாம்பாள் இரண்டையும் பார்த்தாள். அவற்றை ஜோடியாக எடுத்து ஓரமாக வைத்தாள்.  

ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். அது தவறினால் கையெழுத்து, வீட்டுக்குப் பூட்டு. அவர் இரண்டு நாள் யோசித்தார். சாப்பாட்டில் குறை இல்லை, மருந்தில் இல்லை. மிச்சம் இருப்பது அந்த மணி. கயிறு கட்டுவது சுலபம், இழுத்தால் ஆள் வர வேண்டுமே. யார் வருவார்கள்? நாட்டில் எந்த ஆபீசில் மணி அடித்தவுடன் ஆள் வந்திருக்கிறது? குளியலறைத் தரையில் தாமே போய்ப் படுத்துக்கொண்டு கயிற்றை இழுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது என்று திட்டம் போட்டார். எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். ஆள் வந்ததும் துள்ளி எழுந்து கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். துள்ளி எழுவது எப்படி என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

சோதனை நாளும் வசதியாக அமைந்தது. காசியம்மா பேத்திக்கு வளைகாப்பு என்று வடிவாம்பாள் காலையிலேயே பட்டினச்சேரிக்குக் கிளம்பிவிட்டாள். முதல் நாள் டிபன் வேண்டாம் என்று சொன்னதோடு சரி, பென்ஷன் ஆபீஸ் பொய்கூடத் தேவைப்படவில்லை. காபியை மட்டும் குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். செல்லக்கண்ணு அன்றைக்கு வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி டயரைத் தட்டிப் பார்த்தார்.

இல்லத்தில் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் அவர் நேரே கடைசிக் குளியலறைக்குள் நுழைந்தார். கதவைத் தாழ் போடாமல் சாத்தினார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினார். பாதி தூரம் வரை சரியாகத்தான் போயிற்று. காலையில் டிபன் இல்லை, மாத்திரை இல்லை, குனிந்ததில் தலை கிறுகிறுத்தது. கை நழுவியது. எண்பத்திரண்டு கிலோ நானூறு கிராமும் ஒரே தவணையில் தரைக்கு வந்து சேர்ந்தது.

இடுப்பில் சுரீரென்றது. எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் கேட்கவில்லை. புரண்டு பார்த்தார், புரளவும் முடியவில்லை. இது சோதனைதானே, இப்போது எழுந்துவிடலாம் என்று ஒரு கணம் தமக்கே சொல்லிக்கொண்டார். அப்புறம்தான் பயம் வந்தது. டாக்டர் சொன்ன அந்த இன்னொரு தடவை இதுதானோ? கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது. கையை நீட்டினார். கயிறு எட்டியது. இழுத்தார்.

கதவு திறந்தது. ரீட்டா வந்தாள், பின்னாலேயே நிலவன் என்ற ஊழியர். யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டு, காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எலும்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முட்டி போட வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் வைத்து இரண்டு கையையும் அதில் ஊன்றச் சொன்னார்கள். நிலவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். சண்முகசுந்தரம் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. யார் கையும் களுக்கென்று சத்தம் போடவில்லை.

அப்போது அவருக்கு வடிவாம்பாளின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் எவ்வளவு நேரம் அவரைப் பிடித்துக்கொண்டு போராடினாள், கைவலியைச் சொல்லாமல் எப்படி உதட்டைக் கடித்துக்கொண்டாள், எல்லாம் வரிசையாக வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது. இந்த இடத்தில் அவள் இல்லாததற்காக நிம்மதிப்பட்டு நிமிர்ந்தார்.

குளியலறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கக்கத்தில் குடை, கையில் கடிகாரம்.

"முப்பத்தெட்டு செகண்டு" என்றாள். "குறிச்சுக்கிறீங்களா?"

சண்முகசுந்தரத்தைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். சலோமி பி.பி. பார்த்தார், இட்லி கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை வீட்டு டப்பாவிலிருந்து வந்தது. வடிவாம்பாள் கைப்பையில் கொண்டு வந்திருந்தாள்.

"வளைகாப்பு?" என்றார் கடைசியில்.

"காசியம்மாவுக்குப் பேத்தியே இல்லீங்க. நாலும் பேரனுங்க."

"நான் இன்னைக்கு வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"நேத்து டிபன் வேணாம்னீங்களே."

அவர் இட்லியை மெல்வதை நிறுத்தினார். அப்படியானால் முதல் தடவை? அதுவும்தான். இரண்டாவது? அதுவும். அவர் டிபன் வேண்டாம் என்றதும் அவள் காசியம்மாவிடம் சொல்வாள். காசியம்மா தினமும் விடிகாலை இந்த இல்லத்துக்கு மீன் போடுகிறவள், அங்கே சொல்லிவிடுவாள். சலோமி இட்லியைக் கரண்டி அளந்து ஊற்றச் சொல்வார். இவ்வளவையும் வடிவாம்பாள் சாதாரணமாகச் சொன்னாள். அவருக்கு மெதுவாக இன்னொன்று உறைத்தது. காசியம்மா நாற்பது வருஷமாகத் தெருவில் மீன் விற்கிறாள். விற்றது போக மிச்சத்தைக் கொண்டுபோய் உட்காருவது மார்க்கெட்டில்.

"வடிவு, அந்தக் காலத்துல கடைத்தெருவுல..."

"புள்ளைகுட்டிக்காரங்க, பாவம்" என்றாள் அவள். "நீங்களும் நல்ல பேரோட ரிட்டயர் ஆகணும்ல."

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் ஒரு நிமிஷத்தில் கண் முன்னால் கரைந்து போனது. அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். சொல்லிவைத்துச் செய்தது சோதனையே ஆகாது என்றார். இன்றைக்கு அவர் வருவது தெரிந்துதானே ஆளைத் தயாராக வைத்திருந்தார்கள். மற்ற நாளில் இந்த இடம் எப்படி இருக்குமென்று யார் கண்டது?

"நான் கண்டேன்" என்றாள் வடிவாம்பாள். "எட்டுத் தடவை வந்திருக்கேன். பஸ்ல, சொல்லாம. நல்லாச் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் இட்லியை எடை போடவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிற கிழவியின் விரல் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். குளிப்பாட்டுகிறபோது திட்டுகிறார்களா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். ஒரு நாள் மழையில் வந்து, ஈரப் படுக்கை எவ்வளவு நேரம் ஈரமாகவே இருக்கிறது என்று காத்திருந்து பார்த்திருக்கிறாள். அவர் வந்த நாட்களில் முன்கூட்டிச் சொன்னது ஏன் என்றால், நீங்கள் முறைத்தால் சரியான தராசும் ஆடும் என்றாள்.

சண்முகசுந்தரம் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். கட்டு அவிழ்த்து ஒரு மாதமாகியும் இன்னும் வீக்கம் இருந்தது. தம் உத்தியோகத்தில் தாம் ஒரு நாளும் செய்யாத வேலையை இவள் எட்டுத் தடவை செய்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. சொல்வதற்கு மனமில்லை. ஆனாலும் ஓர் ஆண்மகன் கௌரவமாக இறங்கி வர ஒரு வழி எப்போதும் இருக்கிறது.

"உனக்காகத்தான் ஒத்துக்கிறேன்" என்றார். "உன் கைக்காக. எனக்கு இதெல்லாம் தேவையே இல்லை."

"சரிங்க. அப்படியே வெச்சுக்குவோம்."

ரெண்டு கட்டில் போட்ட அறை வேண்டும், ஜன்னல் கிழக்கே பார்க்க வேண்டும் என்றார். அப்படித்தான் இருக்கிறது என்றார் சலோமி. உப்பு விஷயத்தில் வாரம் ஒரு நாள் விதிவிலக்கு வேண்டும் என்றார். சலோமி மேசை இழுப்பறையைத் திறந்தார். சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். அதோடு ஒரு தாள் பின் செய்திருந்தது. தலைப்பு 'சேருபவர் பற்றிய மதிப்பீடு'. மூன்று தேதி. மூன்றும் அவருக்கு நன்றாகத் தெரிந்த தேதிகள்.

'முதல் வருகை. மூன்று படி ஏற இரண்டு இடத்தில் நின்றார். காலை மாத்திரை போடவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் சாம்பார் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் வருகை. வெளியே போகும் வழி தவறினார். தோட்டத்தில் கால் மணி நேரம். கேட்டால் ஒப்புக்கொள்ளவில்லை. வலது காலில் பிறர் செருப்பு.

மூன்றாம் வருகை. விழுந்தார்.

முடிவு: பக்கத்தில் எப்போதும் ஒரு கை வேண்டும். சேர்த்துக்கொள்ளலாம்.'

அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. இவ்வளவு ஒழுங்கான சோதனை அறிக்கையை அவர் தம் வாழ்நாளில் எழுதியதில்லை.

"மூணாவது வரியில ஒரு தப்பு" என்றார். "விழலை. உக்காந்தேன்."

சலோமி பேனாவை எடுத்து 'உட்கார்ந்ததாகச் சொல்கிறார்' என்று பக்கத்தில் சேர்த்தார். சண்முகசுந்தரம் கையெழுத்துப் போட்டார். கீழே வடிவாம்பாள் போட்டாள், இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு.

இது முதல் மதிப்பீடுதான் என்று விளக்கினார் சலோமி. வயசு கூடக் கூடத் தேவையும் மாறும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை இதே மாதிரி பார்த்து எழுதுவார்கள். அதைக் கேட்டதும் பழைய இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த தடவை இவர்களுக்கு ஒரு குறைகூட அகப்படக் கூடாது. படியைத் தாண்டியே ஏறிக் காட்டுவதாக மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

"எந்தத் தேதின்னு மட்டும் ஒரு நாள் முன்னாடி சொல்லிடுங்க" என்றார்.

சலோமி வடிவாம்பாளைப் பார்த்தார். வடிவாம்பாள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

"சொல்ல மாட்டாங்க. நான்தான் சொல்ல வேணாம்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."